ஸ்குவாஷுக்கு எவ்வளவு ஆசிட் போடலாம்?

பன்னீர் திராட்சை விலை இறங்கிவிட்டால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஸ்குவாஷ், அதாவது தண்ணீர் கலந்து குடிக்கும் பழச்சாற்றுப் பாகு, செய்யும் வேலை நடக்கும். சின்னமனூர்ப் பக்கம் திராட்சைக்குப் பஞ்சமே இல்லை. அந்த நாட்களில் என்னிடம் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, சிட்ரிக் ஆசிட் போட்டே ஆகணுமா? போட்டா எவ்வளவு?"

குறிப்புகளில் பார்த்தால் எந்தப் பழமாக இருந்தாலும் "சிட்ரிக் ஆசிட் ஒரு டீஸ்பூன்" என்று எழுதியிருப்பார்கள். திராட்சைக்கும் அதே, மாம்பழத்துக்கும் அதே, அன்னாசிக்கும் அதே. இதில் எனக்கு உடன்பாடில்லை. பழத்துக்குப் பழம் புளிப்பு வேறு. ஒரே கொடியில் பிஞ்சாகப் பறித்ததும் பழுக்கவிட்டுப் பறித்ததும் வேறு. ஆகவே அளவைச் சட்டியில் தேடாமல், குடிக்கப்போகும் டம்ளரிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸுக்கு எவ்வளவு பிழிவீர்கள்? 200 மில்லிக்கு அரை மூடி. நம் ஊர் எலுமிச்சையில் அரை மூடி என்றால் எட்டுப் பத்து மில்லி சாறு. அந்தச் சாற்றில் சுமார் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். அதாவது ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய அரை கிராம். சர்க்கரை 20, 25 கிராம் போடுவோம். இந்த அரை கிராம்தான் நாக்கு ஒப்புக்கொண்ட அளவு. எந்த ஸ்குவாஷாக இருந்தாலும் தண்ணீர் கலந்த பிறகு டம்ளரில் அரை கிராம் புளிப்பு இருக்க வேண்டும். கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம், அது வீட்டு ருசி.

திராட்சையை வைத்தே முழுதாகச் சொல்கிறேன்.

ஒன்றரை கிலோ பன்னீர் திராட்சையை நன்றாகக் கழுவி, காம்பு நீக்கி, கையால் பிசையுங்கள். மிக்ஸியில் போட்டால் கொட்டை உடைந்து துவர்ப்பு இறங்கிவிடும். எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு வரை ஏற்றி, பத்து நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். கொதிக்க விடாதீர்கள். இந்தத் திராட்சையின் நிறம் தோலில்தான் இருக்கிறது, சதையில் இல்லை. சூடுதான் அதை வெளியே கொண்டுவரும். கொதித்தால் ஜாம் வாசனை வந்துவிடும். ஆறியதும் துணியில் வடிகட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் சாறு கிடைக்கும். அதை ஒரு ராத்திரி பிரிட்ஜில் அசையாமல் வைத்து, மறுநாள் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். அடியில் மணல் மாதிரி, சில நேரம் பளபளவென்று படிந்திருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம். திராட்சையில் இயற்கையாகவே இருக்கும் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் உப்பாகப் படிகிறது. இப்போதே படியவிட்டால் பிறகு பாட்டிலில் படியாது.

ஒரு கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர், 10 கிராம் சிட்ரிக் ஆசிட் சேர்த்துக் கொதிக்கவைத்து, சர்க்கரை கரைந்து அழுக்கு நுரை மேலே வந்ததும் வடிகட்டி ஆறவையுங்கள். ஆறிய பாகில் சாற்றைக் கலந்தால் இரண்டு லிட்டருக்குச் சற்றே கூடுதலாக வரும். ஒரு டம்ளருக்கு 40 மில்லி வீதம், ஐம்பது டம்ளர் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது டம்ளருக்கு அரை அரை கிராம் என்றால் 25 கிராம் அமிலம் வேண்டும். நன்றாகப் பழுத்த திராட்சைச் சாறு லிட்டருக்கு 6 கிராம் போலத் தானே கொண்டுவரும். மீதி 19, 20 கிராம் நாம் போட வேண்டியது. பாகில் 10 போட்டாயிற்று. இன்னொரு 10 கிராமைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துத் தனியாக வைத்துக்கொண்டு, ருசி பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். விலை கிடைக்கிறது என்று அவசரமாகப் பறித்த திராட்சை என்றால் அந்த இரண்டாவது பத்தில் பாதியே போதும்.

ருசி பார்ப்பது எப்படி என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தால் சர்க்கரை நாக்கை மூடிவிடும். எவ்வளவு ஆசிட் போட்டாலும் தித்திப்பாகத்தான் தெரியும். 40 மில்லி ஸ்குவாஷோடு 160 மில்லி குளிர்ந்த தண்ணீர் கலந்து, அதைக் குடித்துப் பாருங்கள். ஜில்லென்று குடித்தால் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும், ஆகவே எந்தக் குளிரில் பரிமாறப் போகிறீர்களோ அதே குளிரில் பார்க்க வேண்டும். எந்தத் தண்ணீரில் கலக்கப் போகிறீர்களோ அந்தத் தண்ணீரிலேயே பார்க்க வேண்டும். இது முக்கியம். போர் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் உப்புகள் டம்ளரில் உள்ள அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கேன் தண்ணீரில் சரியாக இருந்த ஸ்குவாஷ் போர் தண்ணீரில் சப்பென்று ஆவதும், நிறம் கொஞ்சம் மங்குவதும் இதனால்தான்.

சரி, 20 கிராம் ஆசிட்டுக்குப் பதில் எலுமிச்சையே பிழியக் கூடாதா? ஒரு பழத்தில் 20 மில்லி சாறு என்றால் ஒன்றேகால் கிராம் போல அமிலம். 20 கிராமுக்குப் பதினாறு, பதினேழு பழம் வேண்டும். முந்நூறு மில்லிக்கு மேல் சாறு சேரும். அதன் பிறகு அது திராட்சை ஸ்குவாஷாக இருக்காது, திராட்சை கலந்த எலுமிச்சை ஜூஸ்தான். பழத்தின் வாசனையைத் தொடாமல் புளிப்பை மட்டும் கூட்டுவதற்குத்தான் தூள். வாசனையும் வேண்டும் என்றால், இரண்டு மூன்று பழம் பிழிந்து மீதியைத் தூளால் நிரப்புங்கள். நான் தர்பூசணிக்கு அப்படித்தான் செய்கிறேன்.

தராசு இல்லாதவர்களுக்கு: தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் 4 முதல் 5 கிராம், அதாவது நாலு எலுமிச்சை. ஆனால் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுவது நல்லது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"ஏத்தா, பாகுல மருந்தையா கொட்டுற?" என்று என் அத்தை கேட்பார்கள். ஆசிட் என்ற பேரே பயமுறுத்துகிறது. எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, 1784-இல். ரொம்ப காலம் எலுமிச்சையிலிருந்துதான் எடுத்தார்கள். ஒரு பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால் ஏராளமாகக் கிடைக்கும் என்று ஜேம்ஸ் கரி என்பவர் 1917-இல் காட்டிய பிறகு தொழிற்சாலைகள் அந்த வழிக்கு மாறின. வெங்காயத்துத் தோலுக்கடியில் கறுப்பாகத் தூள் மாதிரி பிடித்திருக்குமே, அந்த அஸ்பெர்ஜில்லஸ் நைஜர்தான். இப்போது கடையில் கிடைப்பது எல்லாமே ஏறக்குறைய அப்படி வந்ததுதான். எலுமிச்சையில் இருப்பதும் இதுவும் அணுவுக்கு அணு ஒரே பொருள். அத்தைக்கு இதெல்லாம் திருப்தி தரவில்லை என்பது வேறு விஷயம். ஸ்குவாஷ் மட்டும் குடிப்பார்கள்.

வாங்கும்போது லேபிள் ஒட்டிய பாக்கெட்டாக வாங்குங்கள். உணவுத் தரம் என்றும், சிட்ரிக் ஆசிட்டுக்கான 330 என்ற உணவுச் சேர்பொருள் எண்ணும் இருக்கும். பேர் இல்லாத வெள்ளைத் தூளைப் பொட்டலத்தில் வாங்கி வந்து அடுப்படியில் வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். சோடா உப்பு, சீனாக்காரம், சிட்ரிக் ஆசிட் மூன்றையும் பொட்டலத்தில் பார்த்தால் யாருக்குத் தெரியும்? ஈரக் காற்று பட்டால் கட்டி தட்டிவிடும், இறுக மூடி வையுங்கள்.

பாத்திரம் பற்றி ஒரே பேச்சு: எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான். அலுமினியம் வேண்டாம், ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் வேண்டவே வேண்டாம். புளிப்பு பட்டால் களிம்பு ஏறும் என்று புளிக்குழம்பு வைத்த எல்லோருக்கும் தெரியும். ஸ்குவாஷில் அதே புளிப்பு மாதக்கணக்கில் இருக்கப்போகிறது.

நிறத்துக்கு வருவோம். திராட்சை, நாவல், செம்பருத்தி, சங்குப்பூ எல்லாவற்றிலும் இருப்பது ஆந்தோசயனின் என்ற ஒரே குடும்பத்து நிறமி. புளிப்பில் சிவக்கும், புளிப்பு குறைந்தால் ஊதாவாகும், கார உப்பு பட்டால் நீலம், பச்சை என்று போகும். செம்பருத்தி இதழை வெந்நீரில் போட்டால் முதலில் அழுக்கு ஊதாவாக, குடிக்கத் தோன்றாத ஒரு நிறம் வரும். ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட் போட்டதும் செக்கச்செவேல் என்று மாறும். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் ஜாலியாக இருக்கும். திராட்சை ஸ்குவாஷுக்குச் சிவப்புக் கலர் பொடி போடுகிறவர்கள் முதலில் ஆசிட்டைச் சரியாகப் போட்டுப் பார்க்கட்டும். முக்கால்வாசி நேரம் கலர் பொடி தேவைப்படாது.

இனி, கெடாமல் இருப்பது. "ஆசிட் போட்டாச்சு, ஆறு மாசம் கெடாது" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆசிட்டுக்குக் கிருமிகளில் ஒரு பகுதியோடுதான் சண்டை. பிஹெச் என்பது புளிப்பை அளக்கும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அது 4.6-க்குக் கீழே போனால் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளராது. இது பெரிய பாதுகாப்புதான். ஆனால் ஈஸ்டும் பூஞ்சையும் புளிப்பில் சுகமாக வாழக்கூடியவை. சுத்த எலுமிச்சைச் சாற்றை விடப் புளிப்பானது எது? அதுவே கெட்டுப்போகும். பிரிட்டிஷ் கப்பல்களில் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வராமல் இருக்க எலுமிச்சைச் சாறு கொண்டுபோனபோது, கெடாமல் இருக்க அதில் ரம் கலப்பார்கள். சாராயம் இல்லாமலே பதப்படுத்தும் முறைக்கு லாக்லன் ரோஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் 1867-இல் காப்புரிமை வாங்கினார். லைம் கார்டியல் என்று இன்றும் விற்கும் பானத்தின் தொடக்கம் அது.

நாம் மேலே செய்த ஸ்குவாஷில் சர்க்கரை 45, 46 சதவீதம்தான். சர்க்கரையின் பலத்தில் மட்டுமே வெளியே நிற்க வேண்டுமானால் 65-க்கு மேல் வேண்டும். ஆகவே இரண்டில் ஒன்று: பிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு வாரத்தில் முடித்துவிடுங்கள், அல்லது பதனப்பொருள் சேருங்கள். நான் வீட்டுக்கு வைப்பதில் ஒன்றும் சேர்ப்பதில்லை. வெளியூருக்குக் கொடுத்தனுப்பும் பாட்டிலில் மட்டும் சோடியம் பென்சோயேட்.

இங்கேதான் ஆசிட் அதிகம் உழைக்கிறது, அதிகம் பேர் கவனிக்காததும் இதுதான். பென்சோயேட் தானாக எதையும் தடுக்காது. புளிப்பான கரைசலில் அது பென்சாயிக் அமிலமாக மாறினால்தான் ஈஸ்ட்டின் உடம்புக்குள் நுழைய முடியும். பிஹெச் 3-இல் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் அந்த வடிவில் இருக்கும். 4-இல் அறுபது. 5-இல் பதினைந்து கூட இல்லை. புளிப்பில்லாத சிரப்பில் பென்சோயேட் போடுவது வீண். "எல்லாம் போட்டேன், ஆனாலும் பொங்கி மூடி தெறிச்சிருச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எவ்வளவு ஆசிட் போட்டாய் என்பதைத்தான்.

பென்சோயேட்டின் அளவு: ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.7 கிராம், அதற்கு மேல் வேண்டாம். பென்சாயிக் அமிலமாகக் கணக்கிட்டால் 600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 600 பங்கு), ஸ்குவாஷுக்கான உச்ச அளவு அதுதான். நம் இரண்டு லிட்டர் ஸ்குவாஷ் எடையில் இரண்டரை கிலோ வரும், ஆகவே 1.75 கிராம். கண்ணளவில் போடும் சமாச்சாரம் இல்லை. தராசு வாங்கச் சொன்னது இதற்குத்தான். அதை ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் தனியாகக் கரைத்து, எல்லாம் கலந்து ஆறிய பிறகு கடைசியாகக் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். சிட்ரிக் ஆசிட்டையும் இதையும் ஒரே கிண்ணத்தில் கரைத்தால் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும், ஸ்குவாஷில் கலக்காது.

எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் பென்சோயேட் போட நான் விரும்புவதில்லை. வைட்டமின் சி நிறைய உள்ள சாற்றில் பென்சோயேட் இருந்து, வெயிலும் வெப்பமும் பட்டால் மிகச் சிறிய அளவில் பென்சீன் உண்டாகலாம். அதற்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், கடையில் கேஎம்எஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். கிலோவுக்கு 0.6 கிராம். அதைத் திராட்சைக்குப் போடக் கூடாது, சிவப்பு நிறத்தை வெளுக்க வைத்துவிடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் கேஎம்எஸ் பக்கமே போகாதீர்கள், சிலருக்கு மூச்சிரைப்பை வரவைக்கும். பிரிட்ஜ் இருக்கவே இருக்கிறது.

எலுமிச்சைக்குத் தனியாக ஆசிட் தேவையே இல்லை. ஒரு லிட்டர் சாற்றில் 60 கிராம் அமிலம் இருக்கிறது. டம்ளர் கணக்குப்படி அது 120 டம்ளருக்குக் காணும். அதற்கேற்பச் சர்க்கரையையும் தண்ணீரையும் கூட்டுங்கள், அவ்வளவுதான். பாகு நன்றாக ஆறிய பிறகே சாற்றைச் சேருங்கள். சாற்றைக் கொதிக்கவைத்தாலும், தோல் நசுங்கும்படி ஒட்டப் பிழிந்தாலும், விதை நசுங்கினாலும் கசக்கும்.

நன்னாரி முற்றிலும் வேறு கதை. வேரில் புளிப்பே கிடையாது, வாசனை மட்டும்தான். பாகு கெட்டியாக, ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் வேர் ஊறிய தண்ணீர் என்று வைப்பதால் சர்க்கரையே அதைக் காப்பாற்றும். ஆனால் அவ்வளவு கெட்டிப் பாகு நாள் ஆக ஆக அடியிலும் மூடி ஓரத்திலும் கற்கண்டு கட்டும். இதற்குக் கொதிக்கும் பாகில் ஒரு கிராம், அதாவது கால் டீஸ்பூனுக்கும் குறைவாக, சிட்ரிக் ஆசிட் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். சூடும் புளிப்பும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரித்துவிடும். அவை குறுக்கே நின்று சர்க்கரை படிகம் கட்டவிடாது. கல்யாணச் சமையல்காரர்கள் ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சை பிழிவதும் இதற்கே. ஆறிய பாகில் போட்டால் இந்த வேலை நடக்காது.

அதற்கு மேல் நன்னாரியில் ஆசிட் போடாதீர்கள். சர்பத்துக்கு எப்படியும் டம்ளரில் எலுமிச்சை பிழியப் போகிறோம். என் நாத்தனார் மதுரையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு அனுப்பும் நன்னாரி பாதி சர்பத்துக்கு, பாதி ஜிகர்தண்டாவுக்கு. பாலில் ஊற்றும் சிரப்பில் புளிப்பு ஏறியிருந்தால் பால் திரிந்துவிடும், பிஹெச் 4.6-ஐ நெருங்கினாலே பால் புரதம் திரளத் தொடங்கும். ஒரு கிராம் கணக்கில் போட்டால் ஒரு டம்ளர் பாலுக்குள் போவது ஒன்றுமே இல்லை, தைரியமாகக் கலக்கலாம். ரோஸ் மில்க் சிரப்புக்கும் இதே கணக்குத்தான்.

மற்ற பழங்களில் மாம்பழம் பற்றி மட்டும் எச்சரிக்கை. நன்றாகக் கனிந்த மாம்பழக் கூழின் பிஹெச் சில நேரம் 4.6-ஐத் தாண்டிவிடும். வாய்க்குத் தித்திப்பாக இருக்கிறதே என்று ஆசிட்டைக் குறைக்கக் கூடாது. பழத்தில் புளிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு டம்ளருக்கு அரை கிராம் முழுதாகவும் தூளாலேயே போடுங்கள். சப்போட்டா, பப்பாளிக்கும் அப்படியே. அன்னாசி, நாவல், கொடைக்கானல் பிளம்ஸ் எல்லாம் ஓரளவு புளிப்பைத் தாமே கொண்டுவரும்; பாதியில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டலாம். தாட்பூட் பழத்துக்கு (பேஷன் ஃப்ரூட்) பெரும்பாலும் ஒன்றுமே வேண்டாம்.

டார்டாரிக், மாலிக் என்று வேறு அமிலங்களும் கிடைக்கும். டார்டாரிக் திராட்சையிலும் புளியிலும் இருப்பது, நாக்கில் சுரீர் என்று அடித்துவிட்டுப் போகும். மாலிக் ஆப்பிளில் இருப்பது, மெதுவாக வந்து நெடுநேரம் நிற்கும். நாவல்பழ ஸ்குவாஷுக்குப் பாதி சிட்ரிக், பாதி மாலிக் போட்டால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. ஆனால் இதற்காக அலைய வேண்டியதில்லை. வினிகர் வேண்டாம், ஊறுகாய் வாசனை வரும்.

கடைசியாக, கை தவறிப் புளிப்பு கூடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சிலர் சோடா உப்பு ஒரு சிட்டிகை போடச் சொல்வார்கள். போடாதீர்கள். திராட்சை ஊதாவாகி, ஒரு உப்புச் சுவையும் வந்து, பென்சோயேட் போட்டிருந்தால் அதன் வேலையும் கெடும். ஆசிட் போடாத பாகு கொஞ்சம் காய்ச்சி ஆறவைத்து, இருந்தால் இன்னொரு கை திராட்சைச் சாறும் சேர்த்து அளவைக் கூட்டிவிடுங்கள். பாட்டில் ஒன்று கூடுதலாகும், அவ்வளவே. சர்க்கரையைக் கூட்ட மனமில்லை என்றால் அப்படியே வைத்துக்கொண்டு, டம்ளருக்கு 40 மில்லிக்குப் பதில் 30 ஊற்றி, ஒரு சிட்டிகை உப்போடு கோலி சோடாவில் கலந்து குடியுங்கள்.